பதில் வராத ரிக்வெஸ்ட் என்ன ஆனது? வெப் ஆப்பில் நெட்வொர்க் பிழைகளை வரவழைத்துப் பார்ப்பது

கேள்வி இது: "எங்கள் ஆர்டர் எடுக்கும் வெப் ஆப்பை குரோம் டெவ்டூல்ஸில் (பிரவுசரோடு வரும் சோதனைக் கருவிகள்) ஆஃப்லைன் போட்டுச் சோதித்தோம். 'இணைய இணைப்பு இல்லை' என்று ஒழுங்காகச் செய்தி வருகிறது. ஆனால் வெளியே பயன்படுத்துகிறவர்கள், லோடர் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்கிறார்கள். சில சமயம் ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகிறது. இந்தப் பிழைகளை எங்கள் மேசையிலேயே வரவழைப்பது எப்படி? வந்தால் கையாள்வது எப்படி? தானியங்கிச் சோதனையில் சேர்க்க முடியுமா?"

நெட்வொர்க் பிழைகளிலேயே சாதுவானது ஆஃப்லைன்தான். ரிக்வெஸ்ட் கருவியை விட்டு வெளியே போகவே இல்லை. அது உடனே தெரிந்துவிடுகிறது. சர்வரில் எதுவும் நடக்கவில்லை என்பதும் உறுதி. தெருவில் நடப்பது வேறு. போனில் டவர் இரண்டு கோடு காட்டும், ஆனால் ஒரு பைட்டும் நகராது. அல்லது ரிக்வெஸ்ட் போய்ச் சேர்ந்துவிடும், பதில் திரும்பி வருவதற்குள் பேருந்து பாலத்துக்கு அடியில் நுழைந்துவிடும்.

ஒரு ரிக்வெஸ்ட் மூன்று இடங்களில் சாகலாம்: போகும் வழியில், சர்வரில் வேலை நடக்கும்போது, வேலை முடிந்து பதில் திரும்பும் வழியில். பிரவுசருக்கு முன்னால் இருப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். பதில் வரவில்லை, அவ்வளவுதான். உங்கள் இரட்டை ஆர்டர்கள் பெரும்பாலும் மூன்றாவது இடத்தில் பிறந்தவை. ஆஃப்லைன் பொத்தான் முதல் இடத்தை மட்டுமே சோதிக்கிறது.

இது புத்திசாலித்தனமாகக் கோட் எழுதித் தாண்டக்கூடிய சிக்கல் இல்லை. செய்தி தொலையக்கூடிய வழியில் பேசும் இருவர், எத்தனை முறை ஒப்புகை அனுப்பிக்கொண்டாலும், இருவருக்கும் ஒரே முடிவு தெரியும் என்று உறுதிசெய்ய முடியாது. அக்கொயுன்லு, ஏகநாதம், ஹியூபர் என்ற கணினி ஆய்வாளர்கள் மூவரும் 1975இல் இதை எழுதினார்கள். 1978இல் ஜிம் கிரே அதற்கு 'இரு தளபதிகள்' என்று பெயர் வைத்தார். எனவே "பிழையே வராமல் செய்வது எப்படி" என்று யோசிப்பதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பிழையையும் மூன்று கூடைகளில் ஒன்றில் போட வேண்டும்: வேலை நடக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தது, நடந்து தோற்றது என்று தெரிந்தது, நடந்ததா இல்லையா என்றே தெரியாதது. பெரும்பாலான ஆப்கள் மூன்றாவதையும் முதலாவதில் போட்டு 'தோல்வி, மறுபடி முயலவும்' என்று காட்டுகின்றன. இரட்டை ஆர்டர் அங்கேதான் தொடங்குகிறது.

சரி, பிரவுசர் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். ரிக்வெஸ்ட் அனுப்பப் பிரவுசரில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறு ஃபெட்ச். அதைப் பற்றித் தெரியாமல் இடறுகிற இடங்கள் சில உண்டு. சர்வர் 404 (கேட்டது இல்லை) அனுப்பினாலும் 500 (சர்வருக்குள் பிழை) அனுப்பினாலும் ஃபெட்ச்சைப் பொறுத்தவரை அது வெற்றிதான். பதில் வந்துவிட்டது அல்லவா? ரெஸ்பான்ஸில் உள்ள ஓகே பண்பை நீங்கள்தான் பார்க்க வேண்டும். நிலை எண் 200 முதல் 299 வரை இருந்தால்தான் அது உண்மை. ஃபெட்ச் தானாகப் பிழை எறிவது நெட்வொர்க் மட்டத்தில் உடைந்தால்தான். அப்போது வருவது ஒரு மொட்டை டைப்எரர். பெயர் கிடைக்கவில்லையா, போர்ட் மூடியிருக்கிறதா, சான்றிதழ் காலாவதியா, கார்ஸ் (வேறு தளத்தின் பதிலைப் படிக்கலாமா என்று பார்க்கும் பிரவுசர் விதி) தடுத்ததா, எதையும் அது சொல்லாது. வேண்டுமென்றேதான் சொல்வதில்லை. சொன்னால், ஏதோ ஒரு வலைப்பக்கம் உங்கள் அலுவலக உள்வலையில் எந்த முகவரியில் என்ன ஓடுகிறது என்று ஜாவாஸ்கிரிப்ட்டால் தடவிப் பார்த்துவிடும். செய்தியின் வாசகமும் பிரவுசருக்குப் பிரவுசர் மாறும். அந்த வாசகத்தை ஒப்பிட்டுக் கோட் எழுதியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, ஃபெட்ச் 'வந்துவிட்டது' என்று சொல்வது தலைப்பகுதி வந்ததும்தான். உடல், அதாவது உள்ளடக்கம், அதற்குப் பிறகு வருகிறது. ஜேசனைப் படிக்கும் வரியிலும் கனெக்‌ஷன் அறுந்து போகலாம். அந்த வரியை, பிழையைப் பிடிக்கும் ட்ரை பிளாக்குக்கு வெளியே வைத்திருக்கும் கோடை நான் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். சர்வர்களுக்கு முன்னால் நின்று ரிக்வெஸ்ட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சர், சர்வரிடம் சரியான பதில் கிடைக்காதபோது அனுப்பும் 502 பக்கம் எச்டிஎம்எல்லாக இருக்கும். அதை ஜேசன் என்று நம்பிப் படித்தால், 'எதிர்பாராத குறி <' என்று சம்பந்தமில்லாத ஒரு பிழை பயனர் முகத்தில் போய் விழும். நிலை எண்ணைப் பார்த்து, கன்டென்ட் டைப்பைப் பார்த்து, பிறகு படியுங்கள்.

உங்கள் முடியாத லோடருக்குக் காரணம் எளிது. நீங்களாக வைக்காவிட்டால் ஃபெட்ச்சுக்கு டைம்அவுட் இல்லை. பிரவுசர் தானாகக் கைவிட நிமிடக் கணக்கில் ஆகும். அபார்ட்சிக்னலின் டைம்அவுட் செயற்கூற்றைக் கொடுத்தால் போதும். நேரம் தாண்டினால் டைம்அவுட்எரர் வரும், பயனரே ரத்து செய்தால் அபார்ட்எரர் வரும். இரண்டையும் பிரித்தே கையாளுங்கள். பக்கத்தை விட்டுப் போனவரிடம் பிழைச் செய்தி காட்டுவதில் அர்த்தமில்லை. பழைய முறையில் அபார்ட்கன்ட்ரோலரும் செட்டைம்அவுட்டும் சேர்த்து எழுதியிருப்பவர்கள் ஓர் இடத்தில் ஏமாறுகிறார்கள். தலைப்பகுதி வந்ததுமே டைமரை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு உடல் பாதியில் நின்றால் பழைய கதைதான், லோடர் சுற்றும்.

இப்போது பிழைகளை வரவழைப்பது. டெவ்டூல்ஸை ஒதுக்கச் சொல்லவில்லை. நெட்வொர்க் தாவலில் வேகத்தைக் குறைக்கலாம், குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுக்கலாம். பின்னதை ஏனோ பலர் தொடுவதே இல்லை. பணம் செலுத்தும் ஸ்கிரிப்ட், எழுத்துரு, பகுப்பாய்வு ஸ்கிரிப்ட் என்று ஒவ்வொன்றாகத் தடுத்துப் பக்கத்தை ஏற்றிப் பாருங்கள். யாரோ எழுதிய பகுப்பாய்வு ஸ்கிரிப்ட் வராததால் உங்கள் ஆர்டர் பொத்தான் வேலை செய்யாமல் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் டெவ்டூல்ஸ் காட்டும் 'மெதுவான 4ஜி' ஓர் ஒழுங்கான மெதுவு. எல்லா ரிக்வெஸ்ட்டும் சமமாகத் தாமதப்படும். நிஜத்தில் 3 நொடி பறக்கும், 20 நொடி படுத்துவிடும், பிறகு மறுபடி பறக்கும்.

அடுத்த படி, முகவரியை மட்டும் மாற்றி நான்கு விதப் பிழைகளைப் பார்ப்பது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஆப் சர்வரோடு பேசும் ஏபிஐ முகவரியை உங்கள் கணினியிலேயே எதுவும் ஓடாத ஒரு போர்ட்டுக்கு மாற்றுங்கள்: கனெக்‌ஷன் உடனே மறுக்கப்படும். ஆவணங்களில் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கிய 192.0.2.1க்கு மாற்றுங்கள்: பெரும்பாலும் மறுப்புகூட வராது, மௌனம்தான். இன்வேலிட் என்று முடியும் ஒரு பெயரைக் கொடுங்கள். அந்த முடிவு எந்தக் காலத்திலும் பதிவாகாது என்று ஒதுக்கப்பட்டது, எனவே பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் தோற்கும். சான்றிதழ்ப் பிழைக்கு பேட்எஸ்எஸ்எல் தளத்தில் காலாவதியானது, தவறான பெயருடையது என்று வகை வகையாக வைத்திருக்கிறார்கள். மறுப்பு, டிஎன்எஸ், சான்றிதழ் மூன்றிலும் உங்கள் கோடுக்குக் கிடைப்பது அதே டைப்எரர்தான்; மௌனத்தில் நீங்கள் வைத்த டைம்அவுட் முந்திக்கொண்டால் டைம்அவுட்எரர். கிடைக்கும் நேரமும் வேறு. மறுப்பு சில மில்லிநொடியில் வரும், மௌனம் உங்கள் டைம்அவுட் வரை இழுக்கும். லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு போர்ட்டுக்கு ரிஜெக்ட் (மறுத்துச் சொல்), டிராப் (பேசாமல் தூக்கிப் போடு) இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டாலும் இதே வித்தியாசம் கிடைக்கும். சோதிக்காதவர்கள் மறுப்பைத்தான் கற்பனை செய்துகொள்கிறார்கள். வாடிக்கையாளர்களுக்கு அதிகம் வாய்ப்பது மௌனம்.

பாக்கெட் மட்டத்தில் இறங்க வேண்டுமென்றால் லினக்ஸின் டிசி கட்டளையோடு வரும் நெட்எம் இருக்கிறது. தாமதம், தாமதத்தில் ஏற்ற இறக்கம், பாக்கெட் இழப்பு எல்லாம் கொடுக்கலாம். ஒரு சிறு குழப்பம் இதில் உண்டு. நெட்எம் வெளியே போகும் பாக்கெட்டுகளை மட்டும் தாமதப்படுத்தும். லூப்பேக் இடைமுகத்தில் (கணினி தன்னோடு தானே பேசும் வழி) 100 மில்லிநொடி போட்டால் போவதும் அதன் வழி, வருவதும் அதன் வழி. போய் வரும் நேரத்தை அளக்கும் பிங் 200 காட்டும். கணக்கு தவறிவிட்டது என்று நானும் ஒரு மதியம் முழுக்கத் தேடியிருக்கிறேன். இன்னோர் எச்சரிக்கை: தூரத்து சர்வரில் எஸ்எஸ்எச் வழியே போய் 100 சதவீத இழப்பு போட்டால், அதை எடுப்பதற்கான கட்டளையை அடிக்க உங்களுக்கே வழி இருக்காது. 2 நிமிடத்தில் விதியைத் தானாக நீக்கும் கட்டளையை முதலில் ஓட விட்டுவிட்டு, அப்புறம் விதியைப் போடுங்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் தரும் நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது டாக்ஸிபிராக்ஸி. ஷாப்பிஃபை எழுதித் திறந்த மூலமாகக் கொடுத்த சிறிய டிசிபி பிராக்ஸி அது, அதாவது இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று டேட்டாவைக் கடத்தும் நிரல். பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவிலும் வைக்கலாம், சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவிலும் வைக்கலாம். 'விஷங்கள்' என்று அது சொல்லும் கோளாறுகளை ஓடும்போதே சேர்க்கலாம், நீக்கலாம். இத்தனை பைட்டுக்குப் பிறகு கனெக்‌ஷனை மூடு, டேட்டாவை நிறுத்தி வை, ரீசெட் அனுப்பு என்று பல. ஒவ்வொரு விஷத்தையும் போகும் திசை, வரும் திசை என்று தனித்தனியாகப் போட முடியும் என்பதுதான் இதில் சிறப்பு. வரும் திசையில் மட்டும் டேட்டாவை நிறுத்துங்கள். ரிக்வெஸ்ட் சர்வருக்குப் போகும், வேலை நடக்கும், பதில் மட்டும் வராது. நான் மேலே சொன்ன மூன்றாவது இடம் இதுதான். டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்கம்) இருந்தால் அதன் ஆரம்ப உரையாடலும் அந்த பைட் கணக்கில் சேரும் என்பதால், உள்ளூர்ச் சோதனைக்கு வெறும் எச்டிடிபியில் ஓட்டுவது வசதி.

பிராக்ஸி எல்லாம் வேண்டாம் என்றால் சர்வரில் ஒரு சின்ன மிடில்வேர் (ரிக்வெஸ்ட்டுக்கும் பதிலுக்கும் நடுவில் ஓடும் கோட்) எழுதுங்கள். சோதனைச் சூழலில் மட்டும் இயங்கட்டும். குறிப்பிட்ட தலைப்பு ஒன்று ரிக்வெஸ்ட்டில் இருந்தால், வேலையை முழுவதும் செய்து, டேட்டாபேஸில் கமிட் செய்து, பதிலில் ஒரு பைட்டும் எழுதாமல் சாக்கெட்டை உடைத்துவிட வேண்டும். சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடில் இது பத்து வரி. இதை எழுதி முதல் முறை ஓட்டும் அன்றைக்கே உங்கள் இரட்டை ஆர்டர் உங்கள் மேசையில் வந்து நிற்கும்.

இதைச் செய்யும்போது ஒரு விநோதமும் தென்படலாம். நீங்கள் ரீட்ரை (தானாக மறுபடி முயலும்) கோடே எழுதவில்லை, ஆனால் சர்வர் லாகில் ரிக்வெஸ்ட் இரண்டு முறை வந்திருக்கும். பிசாசு வேலை இல்லை. ஏற்கனவே திறந்திருந்த கனெக்‌ஷனைக் குரோம் மறுபடி பயன்படுத்தி, பதிலின் தலைப்பகுதி வருவதற்கு முன் அது மூடிக்கொண்டால், சும்மா இருந்து செத்த கனெக்‌ஷன் என்று நினைத்து அதுவே இன்னொரு கனெக்‌ஷனில் மறுபடி அனுப்பும். புதிதாக ஒன்றைப் பதிவு செய்யும் போஸ்ட் வகை ரிக்வெஸ்ட்டாக இருந்தாலும்தான். பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் செயலிழக்க வைத்துவிட்டோம், எனவே இரட்டை வராது என்பவர்களிடம் நான் காட்டுவது இந்த லாகைத்தான்.

அந்தப் பொத்தான் பாடத்தை நாங்கள் கற்றது சோப்பில். நாமக்கல் பக்கம் ஒரு மொத்த வியாபாரிக்கு, கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கும் பிரதிநிதிகளுக்கான வெப் ஆப் செய்து கொடுத்திருந்தோம். கொல்லிமலைக் கடை ஒன்றில் 12 பெட்டி சோப்பு ஆர்டர். பையன் அழுத்தினான், லோடர் சுற்றியது, 'தோல்வி' என்று வந்தது. வெளியே வந்து டவர் பார்த்து அழுத்தினான், அதே தோல்வி. 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்கியதும் நெட் வர, மறுபடி அழுத்தினான். மூன்றாம் நாள் வண்டி 36 பெட்டியைக் கொண்டுபோய் இறக்கியது. "ஏன் தம்பி, இந்த மலை முழுக்கக் குளிப்பாட்டப் போறியா?" என்று கடைக்காரர் கேட்டாராம். சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார், நல்ல மனிதர். தவறு முழுக்க எங்களுடையது. ஆப் 'தோல்வி' என்று சொன்ன இரண்டு முறையும் ஆர்டர் பதிவாகியிருந்தது.

தீர்வுக்கு எல்லாரும் சொல்லும் பெயர் ஐடெம்பொட்டன்சி சாவி. ஒரே வேலையை எத்தனை முறை அனுப்பினாலும் ஒரு முறை செய்த விளைவுதான் இருக்க வேண்டும். ரிக்வெஸ்ட் வகைகளில் கெட் (படி), புட் (இதையே வை), டெலீட் (நீக்கு) மூன்றும் வரையறைப்படியே அப்படித்தான், போஸ்ட் அப்படியல்ல. எனவே ஒவ்வொரு ஆர்டருக்கும் பிரவுசரிலேயே ஒரு தனி அடையாளத்தை உருவாக்கி ரிக்வெஸ்ட்டோடு அனுப்புகிறோம். அதே அடையாளத்தோடு மறுபடி வந்தால் சர்வர் புதிதாக எதுவும் செய்யாது, முதல் முறை கொடுத்த பதிலையே திருப்பிக் கொடுக்கும். ஸ்ட்ரைப் போன்ற கட்டண ஏபிஐகள் பல ஆண்டுகளாக இப்படித்தான் வேலை செய்கின்றன.

கேட்க எளிதாக இருக்கும். செய்யும்போது தப்பு நடக்கும் இடங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் முறை நாங்கள் இதில் பாதியைச் செய்தோம். சாவியை அனுப்பும் செயற்கூற்றுக்கு உள்ளேயே உருவாக்கியிருந்தோம். ஒவ்வொரு முயற்சிக்கும் புதுச் சாவி, எனவே சாவி இருந்தும் பயனில்லை. அது ஆர்டருக்குப் பிறக்க வேண்டும், முயற்சிக்கு அல்ல. உறுதிப்படுத்தும் திரை திறக்கும்போதே உருவாக்கி, அனுப்புவதற்கு முன்பே பிரவுசருக்குள் உள்ள சேமிப்பான இண்டெக்ஸ்டுடிபியில் எழுதிவிடுங்கள். பயனர் பக்கத்தை ரீலோட் செய்தாலும், போன் அணைந்து எழுந்தாலும் அதே சாவி இருக்க வேண்டும். சர்வர் பக்கம், 'இந்தச் சாவி இருக்கிறதா என்று தேடு, இல்லையென்றால் ஆர்டரைச் சேர்' என்று எழுதாதீர்கள். இரண்டு ரிக்வெஸ்ட் ஒரே சமயத்தில் தேடினால் இரண்டுக்கும் 'இல்லை' என்றே வரும். சாவிக்கு டேட்டாபேஸில் யுனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பை இரண்டாம் முறை ஏற்காத விதி) போட்டு, ஆர்டரைச் சேர்க்கும் அதே டிரான்சாக்‌ஷனில் சாவியையும் சேருங்கள். மோதினால் டேட்டாபேஸே சொல்லும். அதே சாவியில் வேறு உள்ளடக்கம் வந்தால் 422 கொடுத்து மறுத்துவிடுங்கள். முதல் ரிக்வெஸ்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வந்தால் 409 (மோதல்).

அப்புறம் ஒரு கேள்வி வரும். முடிவு தெரியாத நிலையில் பயனர் ஆர்டரைத் திருத்தி, 12 பெட்டியை 10 ஆக்கி அனுப்பினால்? புதுச் சாவி கொடுத்தால் இரண்டு ஆர்டர், பழைய சாவி கொடுத்தால் மறுப்பு. இங்கே தந்திரம் எதுவும் இல்லை. பழைய சாவி என்ன ஆயிற்று என்று சர்வரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை திருத்தத்தைப் பூட்டி வைக்கத்தான் வேண்டும். சாவியைக் கொடுத்து நிலை கேட்கும் ஒரு கெட் முகவரியைக் கட்டாயம் வையுங்கள்.

சாவி இருந்தால்தான் ரீட்ரை பற்றிப் பேசவே முடியும். ரிக்வெஸ்ட்டிலேயே தவறு என்று சொல்லும் 400, 401, 404, 422 இவற்றை மறுபடி அனுப்பிப் பயனில்லை, பதில் மாறாது. இப்போதைக்கு முடியவில்லை என்று சொல்லும் 408, 429, 502, 503, 504, அதோடு நெட்வொர்க் உடைப்பு, டைம்அவுட் இவற்றுக்கு மறுமுயற்சி சரி. எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்று சொல்லும் ரீட்ரை ஆஃப்டர் தலைப்பைச் சர்வர் அனுப்பியிருந்தால் அதை மதியுங்கள். இல்லையென்றால் 1 நொடி, 2, 4, 8 என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், 30 நொடியில் உச்சவரம்பு போடுங்கள். ஆனால் இதை மட்டும் செய்தால் போதாது. சர்வர் ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தில் 5,000 போன்கள் ஒன்றாகத் தோற்றால், 1 நொடி கழித்து 5,000மும் ஒன்றாக வரும், மறுபடி 2 நொடி கழித்து ஒன்றாக வரும். கோயில் நடை திறந்ததும் கூட்டம் முட்டுவது மாதிரி, எழுந்த சர்வர் மறுபடி விழும். எனவே ஒவ்வொரு போனும் பூஜ்யத்துக்கும் அந்த இடைவெளிக்கும் நடுவில் ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து அவ்வளவு நேரம் காத்திருக்கட்டும். இதை ஜிட்டர் என்கிறார்கள். அமேசானின் மார்க் புரூக்கர் 2015இல் பல வகை ஜிட்டர்களை ஓட்டிப் பார்த்து எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பரவலானது.

எங்கே ரீட்ரை செய்வது என்பதையும் ஓரிடத்தில் முடிவு செய்யுங்கள். பிரவுசர் 3 முறை, நடுவில் உள்ள கேட்வே 3 முறை, சர்வர் டேட்டாபேஸை 3 முறை என்று வைத்தால், ஒரு விரல் அழுத்தலுக்கு டேட்டாபேஸ் 27 அடி வாங்கும். அது ஏற்கனவே திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில்.

டைம்அவுட்டுக்கு எத்தனை நொடி என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் ஒரே எண் வைக்காதீர்கள் என்பேன். தேடல் பரிந்துரைக்கு 3 நொடியே அதிகம். ஆர்டருக்கு 15, 20 நொடி பொறுக்கலாம். கோப்பு ஏற்றுவதற்கு மொத்த நேரத்தை அளக்காமல், கடைசி பைட் நகர்ந்து எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ஃபெட்ச்சில் ஏற்றத்தின் முன்னேற்றம் தெரியாது, அதற்கு இன்றும் பழைய எக்ஸ்எம்எல்எச்டிடிபி ரிக்வெஸ்ட்தான். ஒன்று நினைவிருக்கட்டும்: பிரவுசர் கைவிட்டுவிட்டது என்பதற்காக சர்வர் வேலையை நிறுத்துவதில்லை. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் லாகில் 499 என்று வருகிற வரிகள் இவைதான், கேட்டவர் போய்விட்டார் என்று அர்த்தம். அந்த 499களை எண்ணிப் பாருங்கள். அவற்றில் எத்தனை ஆர்டர்கள் பதிவாகியிருக்கின்றன என்று பார்த்தால், உங்கள் இரட்டைகளின் பட்டியல் கிட்டத்தட்ட கைக்கு வந்துவிடும்.

லாகில் காரணமில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக 502 வந்தால், உங்கள் சர்வரின் கீப் அலைவ் நேரத்தையும் (சும்மா இருக்கும் இணைப்பை எவ்வளவு நேரம் திறந்து வைக்கும் என்பது) லோட் பேலன்சரின் நேரத்தையும் ஒப்பிடுங்கள். நோடின் பல பதிப்புகளில் இயல்புநிலை 5 நொடி, அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சரில் 60 நொடி. சர்வர் கனெக்‌ஷனை மூடும் அதே கணத்தில் பேலன்சர் அதில் ரிக்வெஸ்ட்டைத் தள்ளினால் 502 வரும். சர்வரின் எண் பேலன்சரின் எண்ணைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஒரு வரி மாற்றம்.

பயனருக்கு என்ன காட்டுவது என்பதில் எனக்குக் கொஞ்சம் கண்டிப்பு உண்டு. 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்ற வாசகத்தை எங்கள் குழுவில் தடை செய்திருக்கிறோம். அனுப்பவே இல்லை என்றால், 'ஆர்டர் இன்னும் போகவில்லை, உங்கள் போனில் பத்திரமாக இருக்கிறது'. தெரியாத நிலை என்றால், 'ஆர்டர் பதிவானதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், மறுபடி அழுத்த வேண்டாம்'. இரண்டாவதைச் சொல்ல நிர்வாகங்கள் தயங்குகின்றன, தெரியாது என்று ஒப்புக்கொள்வது பலவீனமாகத் தெரிகிறதாம். மக்களுக்கு இந்த நிலை புதிதே அல்ல. யுபிஐயில் பணம் கழிந்து, கடைக்காரரின் பெட்டி வாய் திறக்காமல் இருக்கும் அந்த நிமிடம் எல்லாருக்கும் தெரியும். அதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடுவே வைத்தது. கணக்கில் கழிந்து பெறுபவருக்குச் சேராத பணம், ஆளுக்கு அனுப்பியதென்றால் மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியதென்றால் 5 நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 'தெரியவில்லை' என்பதைத் தனி நிலையாக ஏற்று, அதற்கு ஒரு முடிவு நேரமும் வைத்ததைக் கவனியுங்கள். உங்கள் ஆப்பிலும் அந்த நிலை டேட்டாபேஸில் ஒரு சொல்லாக இருக்க வேண்டும், அது எப்போது எப்படி முடியும் என்பதும் எழுதியிருக்க வேண்டும்.

இணைப்பு உண்டா என்று பிரவுசர் சொல்லும் நேவிகேட்டரின் ஆன்லைன் பண்பை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். அது 'இல்லை' என்றால் இல்லைதான். 'உண்டு' என்றால் ஏதோ ஒரு வைஃபையோ கேபிளோ இருக்கிறது என்று மட்டுமே பொருள். மறுமுயற்சியைத் தொடங்கச் சைகையாக அதைப் பயன்படுத்தலாம். நெட் வந்ததும் பின்னணியில் தானாக அனுப்பும் பேக்ரவுண்ட் சிங்க் குரோமியம் வகைப் பிரவுசர்களுக்கு மட்டும்தான். ஐபோன்காரர்களுக்கு, பக்கம் மறுபடி திறக்கும்போது, காத்திருக்கும் ஆர்டர் வரிசையை அனுப்பும் கோட் தனியாக வேண்டும்.

தானியங்கிச் சோதனை. பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் பிளேரைட்டில் ரிக்வெஸ்ட்டை இடைமறித்து ரூட்டின் அபார்ட்டை அழைத்தால் பிழை வரும். கனெக்‌ஷன் ரீசெட், டைம்அவுட், இணையம் இல்லை என்று காரணமும் கொடுக்கலாம். இதே வேலைக்கு வேறு சோதனைக் கருவிகளான சைப்ரஸில் ஃபோர்ஸ் நெட்வொர்க் எரர், எம்எஸ்டபிள்யூவில் எச்டிடிபி ரெஸ்பான்ஸின் எரர். ஆனால் இவை எல்லாமே ரிக்வெஸ்ட்டை வெளியே விடாமல் தடுக்கின்றன, அதாவது ஆஃப்லைன் பொத்தானின் தம்பிகள். பிளேரைட்டில் மூன்றாவது இடத்தை உருவாக்க இரண்டு வரி போதும். இடைமறித்ததும் முதலில் ரூட்டின் ஃபெட்ச்சை அழைத்து ரிக்வெஸ்ட்டை உண்மையாகவே சர்வருக்கு அனுப்பிப் பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பதிலைப் பக்கத்துக்குக் கொடுக்காமல் அபார்ட் செய்துவிடுங்கள். உங்கள் ஆப்பில் சர்வீஸ் வொர்க்கர் (பக்கத்துக்கும் நெட்டுக்கும் நடுவில் பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட்) இருந்தால், சோதனையில் அதைத் தடுத்து வையுங்கள்; இல்லையென்றால் இடைமறிப்பில் ரிக்வெஸ்ட் சிக்காமலே போகலாம்.

முதல் முயற்சிக்கு மட்டும் இந்தப் பொறியை வைத்து, இரண்டாவதை இயல்பாகப் போக விடுங்கள். திரையில் 'ஆர்டர் பதிவானது' என்று வருகிறதா என்று பார்ப்பதோடு சோதனையை நிறுத்தாதீர்கள். எங்கள் 36 பெட்டி நாளிலும் கடைசியில் திரையில் அதுதான் வந்தது. டேட்டாபேஸில் அந்தக் கடைக்கு எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணி, 1 வந்தால் மட்டும் பச்சை காட்டச் சொல்லுங்கள்.